இரண்டு தலைப் பிளக்

ஈராக்கின் பஸ்ராவில் மின்பொறியியல் படிக்கிறவனைப் போலப் பரிதாபமான பிறவி வேறில்லை. முதலாண்டுப் பாடத்தையே முடித்திருக்க மாட்டான். அதற்குள் தெரு அவனை ‘இஞ்சினியர்’ ஆக்கிவிடும். மைதமும் நானும் ஒரே தெரு, பல்கலைக்கழகத்திலும் ஒரே வகுப்பு. என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. நான் புத்தகத்தைத் தவிர எதையும் தொடமாட்டேன். அவன் எல்லாவற்றையும் தொட்டான்.

எங்கள் ஊரில் அரசாங்கக் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போனதும் தெருமுனையில் அபூ ஸத்தார் தன் ஜெனரேட்டரை முடுக்குவார். அங்கிருந்து வீட்டுக்கு வீடு தனி வயர். முதலாண்டுக் கோடையில் மைதம் ஒரு துண்டு வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டினான். ஒரு தலையை ஜெனரேட்டர் வயரின் சாக்கெட்டிலும் மறு தலையைச் சுவர் சாக்கெட்டிலும் சொருகினால் போதும், வீடு முழுக்க விசிறி ஓடும். சொருகும் முன் வீட்டு மெயினை அணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் அம்மா, உம்மு மைதம், அந்த வயரை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். புருஷனைப் போரில் பறிகொடுத்து, தந்தூர் அடுப்பில் ரொட்டி சுட்டு விற்று மகனைப் படிக்க வைத்தவள். காட்டாமல் என்ன செய்வாள்? ஒரே வாரத்தில் தெரு முழுக்க இரண்டு தலைப் பிளக்.

மூன்றாம் ஆண்டில் மின்பாதுகாப்புப் பாடம் வந்தது. ஆசிரியர் பலகையில் அதே வயரை வரைந்தார். மெயினை அணைக்க மறந்தால் வீட்டுக் கரண்ட் வெளியே கம்பத்துக்கு ஏறும், செத்த லைன் என்று நம்பித் தொட்டவன் சாவான் என்றார். திரும்பி வரும்போது வேனில் மைதம் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

“டேய், தெரு பூராவுக்கும் நானே தூக்குக் கயிறு பின்னிக் குடுத்திருக்கேன்டா.”

மறுநாளே கோணியோடு வீடு வீடாக ஏறி இறங்கினான். பிளக்கை வாங்கிக்கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டிவிட்டான். கைப்பிடி மேலே இருந்தால் அரசாங்கம், கீழே தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒருபோதும் சேராது.

அபூ ஸத்தாருக்குக் கொண்டாட்டம். “வாங்க இஞ்சினியரே! நீங்களே மாட்டுனீங்க, இப்ப நீங்களே புடுங்குறீங்க. பரீட்சையில முட்டை வாங்கிட்டீங்களோ?”

“நல்லா சிரிங்க. கம்பத்துல ஏறுறவன் வீட்டுல யாரும் சிரிக்க மாட்டாங்க” என்றான் மைதம்.

கோணி நிறைந்ததும் தெருமுனையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினான். ஒன்று மட்டும் தப்பியது. முதல்முதலாகச் செய்ததை அவன் அம்மா தகரப் பெட்டியில், அவனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். பிள்ளை பல்கலைக்கழகம் போய்ச் செய்த முதல் பொருள் அல்லவா?

அடுத்த கோடையில், பேரீச்சை பழுக்கிற வெயிலில், ஒரு நண்பகல் லைன் அறுந்து விழுந்தது. மின்சார ஆபீசில் நாளை வருவதாகச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அந்த நாளைக்காக யாரும் காத்திருப்பதில்லை. தெரு மைதமின் கதவைத் தட்டியது. அவன் டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏணியைச் சாய்த்தான். அபூ ஸத்தாரின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“டெஸ்டர் வெச்சுப் பார்த்துட்டு ஏறுடா” என்றேன்.

“எதுக்கு? இந்தத் தெருவுல ஒரு பிளக்கும் மிச்சமில்ல. என் கையால வெட்டினது” என்று சிரித்தான். “நீ போய் அம்மாவை மீனை அடுப்புல போடச் சொல்லு.”

போனேன். வீட்டில் கூலர் ஓடிக்கொண்டிருந்தது.

“சேஞ்ச் ஓவர்ல ஜெனரேட்டர் பக்கம் காலையிலயே கருகிப்போச்சுடா, கைப்பிடியை மேலேயே விட்டுட்டேன்” என்றாள் உம்மு மைதம். “புள்ள வெயில்ல நிக்கிறான். வந்து உட்காரும்போது காத்து வரட்டும்னு இதை மாட்டினேன். பாரு, இன்னும் எப்படி வேலை செய்யுது!”

பார்த்தேன். சுவரில் அந்த வயர். மெயின் அணைக்கப்படவில்லை, சேஞ்ச் ஓவர் வந்த பிறகு அவளுக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. நான் பாய்ந்து பிடுங்குவதற்குள் தெருவில் அலறல் கேட்டது. அவள் வெறுங்காலோடு ஓடினாள். நான் வயரைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

நான் படித்த படிப்பு அன்றைக்குத்தான் எனக்கு உதவியது, நாசமாய்ப்போன படிப்பு. முன்பெல்லாம் யாராவது மெயினை அணைக்க மறந்தால், மெயின் போட்டபடியே இருக்கும் மற்ற வீடுகளும் சேர்ந்து அந்தக் கரண்டை இழுக்கும், பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் வயரின் பிரேக்கர் விழுந்துவிடும். இப்போது எல்லா வீடும் அவன் பேச்சைக் கேட்டு லைனை விட்டு விலகியிருந்தது. இழுக்க ஆளில்லாத கரண்ட் நேரே அவனிடம் போய்ச் சேர்ந்தது.

ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்த அபூ ஸத்தாரிடம் மட்டும் வயரைக் காட்டினேன். அந்தக் கேலிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “அவகிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா ஒரு நாள் உசுரோட இருக்க மாட்டா” என்றார். இருவரும் அதைத் துண்டு துண்டாக வெட்டி ஷத் ஆற்றில் போட்டோம்.

துக்கப் பந்தல் பிரித்த பிறகும் அவளைப் பார்க்கப் போவேன். தேநீர் வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அதையே கேட்பாள்.

“நீயும் அதே படிப்புத்தானே படிக்கிற? பியூஸைப் புடுங்கிட்டுத்தானே ஏறினான்? அப்புறம் எப்படிடா கரண்ட் வந்துச்சு?”

“ஆபீசுல யாரோ தெரியாம சுவிட்சைப் போட்டுட்டாங்க பெரிம்மா.”

“போட்ட கை விளங்காமப் போக! என் வயிறு எரியற மாதிரி அந்த வயிறும் எரிய!”

“சாபம் விடாதீங்க பெரிம்மா. உங்க கால்ல விழுறேன்.”

“ஏன்? அவன் உனக்கு மாமனா மச்சானா? நல்லா விடுவேன், தொழுகைக்குத் தொழுகை விடுவேன்.” முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது. “அந்த வயரைக் காணோம்டா. என் புள்ள கையால முதமுதல்ல செஞ்சது. அது ஒண்ணு கெடச்சாப் போதும், தலைமாட்டுல வெச்சுக்கிட்டுப் படுத்துக்குவேன். உன் கண்ணுல பட்டுச்சா?”

“தேடிப் பார்க்கிறேன் பெரிம்மா” என்றேன்.