இரண்டு படகுக்கு ஒரே அலைவரிசை

லிஃப்ட் மெக்கானிக் ஒண்டிக்கட்டை. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், யாரும் அந்தப் பேச்சையே எடுக்காத வயதுக்கு வந்துவிட்டிருந்தார். வேலை நாள் முழுவதும் லிஃப்ட் குழிக்குள், இரும்புக் கயிறுகளுக்கும் கிரீஸுக்கும் நடுவே. பக்கத்து லிஃப்ட்டில் ஆட்கள் பேசிக்கொண்டே ஏறுவது கேட்கும். விஷயம் சூடு பிடிப்பதற்குள் கதவு மூடிவிடும்.

ஞாயிறு காலையில் மட்டும் பூங்காக் குளத்துக்கு வந்து, தானே பலகை இழைத்துச் செய்த ரிமோட் படகை விடுவார்.

"பேரன் எடுக்கற வயசுல பொம்மைக் கப்பல் விடறியேடா" என்று ஃபோனில் அக்கா சிரிப்பாள்.

"அது எதிர்த்துப் பேசாதுக்கா" என்பார்.

ஒரு ஞாயிறு அது எதிர்த்துப் பேசியது. நேராகப் போகச் சொன்னால் வட்டமடித்தது. கையை எடுத்த பிறகும் தலையை வெடுக்கென்று திருப்பியது. அக்கம்பக்கத்தில் யாரோ இதே சேனலில் ரிமோட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. கரையைச் சுற்றி நடந்தார். புதருக்குப் பின்னால் ஒருவர் குந்தியபடி, தண்ணீரில் சும்மா மிதந்த படகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"காலையிலருந்து அசைய மாட்டேங்குதுண்ணே."

"உங்க படகு அசையல. நீங்க திருப்பறப்பெல்லாம் என் படகுதான் அசையுது" என்று சொல்லி மெக்கானிக் தன் ரிமோட்டை அணைத்தார். "இப்ப திருப்பிப் பாருங்க."

அவர் திருப்பினார். நடுக்குளத்தில் மெக்கானிக்கின் படகு சமர்த்தாக வலப்பக்கம் திரும்பியது.

"அட! பெத்த புள்ள பேச்சைக் கேக்கல, ஊரான் புள்ள கேக்குதே!"

மெக்கானிக் சிரித்துவிட்டார். அந்த மனிதர் இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவர். படகைப் பழசாக வாங்கியிருந்தார். ரிமோட்டில் ஒரு கிரிஸ்டல், படகுக்குள் ரிசீவரில் ஒரு கிரிஸ்டல்; நகக்கண் அளவு தகரச் சிமிழ்கள். இரண்டிலும் ஒரே சேனல் எண் இருந்தால்தான் ஒன்று சொல்வது மற்றதன் காதில் விழும். இவருடையதில் எண் வேறு வேறு.

"பொருத்தம் பாக்காமக் கட்டி வச்சுட்டான் போலருக்கு" என்றார் தையல்காரர்.

மெக்கானிக் தன்னிடம் உபரியாக இருந்த ரிசீவர் கிரிஸ்டலைச் செருகிக் கொடுத்தார். படகு சீறிக்கொண்டு கிளம்பியது. ஆனால் இப்போது இருவருக்கும் ஒரே சேனல். ஒருவர் ஓட்டினால் மற்றவர் ரிமோட்டை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருப்பவர் பேசாமல் என்ன செய்வார்? தொப்பை போட்டுவிட்டு "உங்க டேப்பு தப்பு" என்று சண்டைக்கு வருபவர்களைப் பற்றித் தையல்காரர் சொல்வார். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு, பயத்தை மறைக்க விசிலடித்துக்கொண்டிருந்த மேனேஜரைப் பற்றி மெக்கானிக் சொன்னபோது தையல்காரர் புரையேறச் சிரித்தார். அதன்பின் வேலைக்கு நடுவே எதைப் பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று மெக்கானிக் எடுத்துவைக்கத் தொடங்கினார்.

ஒரு வாரம் தையல்காரர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"பழைய கிரிஸ்டலைப் பொம்மைக் கடையில குடுத்துட்டு வேற நம்பர் ஜோடி வாங்கிட்டேண்ணே. உங்களை எத்தனை நாள் காக்க வைக்கறது? மனசு கேக்கல."

"நல்ல காரியம் பண்ணீங்க" என்றார் மெக்கானிக். வேறென்ன சொல்ல முடியும்?

இரண்டு படகுகளும் ஒரே நேரத்தில் ஓடின. இருவர் கண்ணும் தண்ணீரில். எதிர்க்கரையில் காற்று குறைவு என்று தையல்காரர் அங்கே போய் நின்றார். பேச்சு "வரட்டுமாண்ணே" என்கிற அளவுக்குச் சுருங்கிப்போனது.

சில வாரம் பொறுத்துப் பார்த்த மெக்கானிக், ஒரு ஞாயிறு எதிர்க்கரைக்கே போய், வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பொய்யைச் சொன்னார்.

"ரிமோட் கிரிஸ்டல் கீழ விழுந்து உடைஞ்சுபோச்சு."

ஒரே படகை மாற்றி மாற்றி விடலாம் என்பார் என்று எதிர்பார்த்தார்.

"அடடா! அப்ப இதை நீங்களே விடுங்கண்ணே. கடையில துணி மலையாக் குவிஞ்சு கிடக்கு, கெளம்பலாமான்னுதான் நெனச்சேன். சாயங்காலம் கடையில குடுங்க, போதும்."

ரிமோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போயே போய்விட்டார். அந்தப் படகு அருமையாக ஓடியது. மெக்கானிக்கின் படகு ஒரு குறையும் இல்லாமல் பைக்குள் கிடந்தது.

சாயங்காலம் கடைக்குப் போனார். தையல் மெஷின்களின் இரைச்சல். தையல்காரர் ஒருவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஓடுச்சாண்ணே?"

"நல்லா ஓடுச்சு." படகை மேசைமேல் வைத்த மெக்கானிக் நகரவில்லை. "கிரிஸ்டல் உடையல."

"என்னது?"

"என் கிரிஸ்டல் உடையலன்னேன். நல்லாத்தான் இருக்கு."

தையல்காரரின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! எங்க போய்த் தேடறதுன்னு யோசிச்சுட்டே இருந்தேன். நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கெழமை பாக்கலாண்ணே." பிறகு வாடிக்கையாளரிடம் திரும்பி, "கையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு மெக்கானிக் குளத்துக்குப் போனார். எதிர்க்கரையிலிருந்து தையல்காரர் கையை உயர்த்தி ஆட்டினார். இவரும் ஆட்டிவிட்டு, ரிமோட்டைப் போட்டார்.