சனிக்கிழமைச் சோறும் கூரைக்குள் ஒரு பொசமும்

மெல்போர்னில் காகம் உண்டு. நோபல் பார்க் ஸ்டேஷன் கூரையில் உட்கார்ந்து, பல்வலிக்காரன் முனகுவது போல் நீட்டி நீட்டிக் கத்தும். ஆனால் சாப்பிடக் கூப்பிட்டால் வராது. ஊரில் நாங்கள் கூப்பிடுவதற்கு முன்பே கிணற்றுக்கட்டில் வரிசையாக வந்து நின்று, "இண்டைக்கு என்ன கறி?" என்று தலையைச் சரித்துப் பார்க்கும் சாதி அது. இங்கே உள்ளதோ, எங்கள் சோற்றைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு, இன்விடேஷன் கார்ட் இல்லை என்பது போல் பறந்துவிடுகிறது.

இதில் வயிறு காய்வது எங்களுக்கு. அத்தானுக்கு ஏழரைச் சனி. அதற்காக அக்கா சனிக்கிழமைதோறும் விரதம். எள்ளுச் சோறும் ஒரு வாழைப்பழத் துண்டும் காகத்துக்கு வைத்து, காகம் வாய் வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்குச் சாப்பாடு. வாழையிலை இங்கே கிடையாது. கோவா என்கிற முட்டைக்கோஸ் இலையில் வைப்பாள். பின்வளவில், உடுப்புத் தோய்க்கும் அறையின் தாழ்ந்த தகரக் கூரையில் அதை வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்து "கா... கா... கா..." என்று கூப்பிடுவாள். அக்கா பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டியில் பரிசு எடுத்தவள். அந்தக் குரல் அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

பக்கத்து வீட்டுக் கிழவர் கென், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"மேட், உன் அக்காவுக்குச் சுகமில்லையா?"

"சுகம்தான். சற்றேர்ணைக் கூப்பிடுகிறா," என்றேன் என் ஆங்கிலத்தில்.

கென் வானத்தைப் பார்த்தார். "அந்தச் சனிக் கிரகத்தையா?"

"ஓம். அவருடைய வாகனத்தை."

அதற்குப் பிறகு அக்காவைக் கண்டால் கென் தொப்பியைக் கழற்றத் தொடங்கினார். மரியாதையா பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடுமத்தியானம் வைத்த சோறு பொழுதுபடும் வரை அப்படியே இருக்கும். நாங்கள் மூன்று பேரும் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்போம். இருள் விழும் நேரத்தில் அக்கா போய்ப் பார்த்தால் சோறு இருக்காது, பழம் இருக்காது, இலையும் இருக்காது. அக்கா முகம் மலர்ந்துவிடும்.

"பாத்தியே, காகம் எடுத்திட்டுது."

"இந்த நாட்டுக் காகம் ஓவர்டைம் முடிச்சுத்தான் வருமாக்கும்," என்பேன். "அதுசரி அக்கா, இலையையும் ஏன் தின்னுது?"

"பசியாக்கும். வாயை மூடிக்கொண்டு கையைக் கழுவு."

படித்தவர் அத்தான். ஊரில் எஞ்சினியர், இங்கே வந்தும் எஞ்சினியர். நான் மூன்று தரம் சோதனை எழுதி, மூன்று தரமும் பேப்பரை வெள்ளையாகத் திருப்பிக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அக்கா கூப்பிட்டதால் வந்தேன். டண்டினோங் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கார்க் கதவுக்கு ரப்பர் ஒட்டுகிறேன். ஆனால் வீடு தேடும் விஷயத்தில் படித்தவன் படிக்காதவன் என்ற வித்தியாசத்தை இந்த நாடு காட்டவில்லை. அத்தான் டெலிபோனில் தன் கொழும்பு ஆங்கிலத்தில் பேசும்போது வீடு காலியாக இருக்கும். நேரில் போய் மணியை அடித்து, கதவு திறந்து, எங்கள் மூன்று முகங்களையும் கண்டதும், அந்த இடைவெளியில் யாரோ வந்து வாடகைக்கு எடுத்துப் போயிருப்பார்கள். அவ்வளவு வேகமாக வீடு எடுக்கும் அந்த மனிதனை ஒருநாள் சந்திக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. நாலைந்து மாதம் இப்படி அலைந்த பிறகு வீடு தந்தவர் மிஸிஸ் ஹார்பர். ஒல்லியான மனுஷி, கையில் எப்போதும் மூக்குத் துடைக்க ஒரு மடித்த லேஞ்சி. அவரும் கொஞ்சம் யோசித்துத்தான் தந்தார். அதனால் அந்த வீட்டில் நாங்கள் நடப்பதுகூடக் கோயிலுக்குள் நடப்பது மாதிரி.

அந்த மிஸிஸ் ஹார்பர் ஒருநாள் வீட்டைப் பார்க்க வந்தார். கதவுக்குள் கால் வைத்ததும் லேஞ்சி மூக்குக்குப் போனது. ஹோலில் ஒருதரம் மோந்தார், அத்தானின் படுக்கையறையில் இரண்டு தரம் மோந்தார். பிறகு மிக மெதுவாக, செத்தவீட்டில் பேசுவது போல், சொன்னார்: "உங்கள் சமையல் மணம் சுவருக்குள் இறங்கிவிட்டது. அடுத்த மாதம் வருவேன். அப்போதும் இந்த மணம் இருந்தால், வருத்தமாகத்தான் இருக்கும், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்."

அவர் போனதும் அத்தான் குசினிக்குப் போய், வறுத்த மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து, இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, கராஜில் பழைய டயருக்குள் வைத்தார். பிரேதத்தைக் கொண்டுபோவது போல் அக்கா பின்னால் போனாள். அன்று தொடக்கம் அவித்த உருளைக்கிழங்கு. அவித்த பீன்ஸ். அவித்த கரட். உப்புப் போட்ட தண்ணீருக்கு "சூப்" என்று பெயர். நான் கேட்டேன், "அத்தான், நாங்கள் ஆஸ்பத்திரி வருத்தக்காரரோ, இல்லாட்டி வெள்ளைக்காரரோ?"

"வீடில்லாத ஆக்களா வராமல் இருக்கப் பாக்கிறம். தின்னும்," என்றார்.

ஆனால் மணம் போகவில்லை. நாளுக்கு நாள் ஏறியது. பழைய ஈரச்சாக்கும் மூத்திரமும் கலந்த மாதிரி ஒரு நெடி. சட்டி பானையில் குற்றம் இல்லை என்று தெரிந்ததும் அத்தானின் பார்வை என் மேல் விழுந்தது. முதலில் என் காலுறை. பிறகு தொழிற்சாலைச் சப்பாத்து. சப்பாத்தை வெளியே நாடு கடத்தினார். அதன் பிறகும் மணம் இருக்க, சப்பாத்துக்காரனையும் கடத்தலாமா என்று யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே சீலிங்கில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை மாங்காய் வடிவத்தில் படர்ந்திருந்தது. மழை ஒழுக்கு என்று நினைத்துக்கொண்டோம். மழை பெய்து மூன்று கிழமை என்பது எஞ்சினியருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை பொழுதுபடும் நேரம். நாடு கடத்தப்பட்ட சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு பின்படியில் குந்தியிருந்தேன். கூரையின் ஓரத்தில், ஓடு ஒன்று உடைந்த இடத்தில், முதலில் ஒரு ரோஸ் நிற மூக்கு. பிறகு பெரிய காது. பிறகு பூனையளவு உடம்பும் கறுத்த மொத்த வாலும். அது அவசரப்படாமல் மரக்கிளையைப் பிடித்து, தோய்க்கும் அறைக் கூரைக்கு இறங்கி, பின்னங்காலில் குந்தி, இரண்டு கையாலும் எள்ளுச்சோற்றை உருட்டி வாயில் போட்டது. பழத்தை முடித்தது. கடைசியாக இலையை வெற்றிலை மெல்லுவது போல் மென்றது.

"அக்கா! ஓடியாங்கோ! உங்கட காகம் வந்திருக்குது! வாலும் இருக்குது, மீசையும் இருக்குது!"

அக்கா ஓடி வந்து பார்த்தாள். அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, மரநாய்!"

மரநாய் இல்லை, பொசம். வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த கென்தான் பெயரைச் சொன்னார். அவருடைய நாய் ரஸ்டி சங்கிலியை அறுக்கும் அளவுக்குக் குரைத்துக்கொண்டிருந்தது. அத்தான் உடைந்த ஓட்டைப் பார்த்தார், படுக்கையறை இருக்கும் பக்கத்தைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இஞ்சேரும், நீர் கிழமைக்குக் கிழமை விருந்து வைச்சுக் கூப்பிட்டிருக்கிறீர். அது பாய் தலையணையோட வந்திட்டுது."

அக்காவின் கவலை வேறு. "அப்ப இவ்வளவு நாளும் காகம் எடுக்கேல்லையோ? எடுக்காமலே நாங்கள் சாப்பிட்டிட்டமோ? இஞ்சருங்கோ, உங்கட சனி என்ன கோலத்தில நிக்குதோ!"

ஊரில் எங்கள் குசினிக் கூரையிலும் ஒரு மரநாய் குடியிருந்தது. பலாப்பழம் பழுக்கும் காலத்தில் வரும். இரவில் ஓலையைப் பிறாண்டும். அப்பா ஒரு தாச்சியில் செத்தல் மிளகாயைக் கருக வறுத்துப் புகை போட்டார். அது ஒரே பாய்ச்சலில் அடுத்த வளவுக்குப் போனது. அந்த வீடு ஓலையும் இடைவெளியுமாகப் புகைக்கு நூறு வழி உள்ள வீடு. அந்தச் சின்ன வித்தியாசத்தை நான் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அத்தான் குளிக்கும் நேரம் பார்த்து, கதிரை மேல் கதிரை வைத்து ஏறி, சீலிங்கில் இருந்த சதுரப் பலகையைத் தள்ளி, கையில் பிடித்த தாச்சியில் செத்தல் மிளகாயைப் புகைய விட்டேன்.

புகை மேலே போய், இடம் பிடிக்காமல், கீழே திரும்பி வந்தது. நான் தும்மினேன். அக்கா இருமினாள். அத்தான் துவாயோடு ஓடிவந்து, "என்னடா செய்யிறாய், விசரா!" என்று கேட்க வாயைத் திறந்து, அதன் பிறகு மூடமுடியாமல் நின்றார். கென் வேலியைத் தாண்டித் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயோடு வந்து, ஜன்னலால் முதலில் அத்தானை நனைத்தார். நாங்கள் புல்லில் கிடந்து கண்ணைக் கசக்கும்போது, கூரைக்குள் பொசம் தடதடவென்று இரண்டு தரம் ஓடியது. பிறகு அமைதி. உள்ளே போய்ப் பார்த்தால் சீலிங்கில் மாங்காய்க்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலாப்பழம்.

"செத்திருந்தால் என்ன செய்வாய்?" என்றார் கென், குழாயைச் சுருட்டிக்கொண்டு. "உள்ளே செத்தால் அந்த நாற்றத்துக்கு நானே வீட்டை விற்றுவிட்டுப் போகவேண்டும். கொல்லவும் கூடாது. சட்டம்."

திங்கட்கிழமை அத்தான் கவுன்சிலுக்குப் போன் எடுத்தார். முடிந்ததும், மந்திரம் வாங்கி வந்தவர் போல் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். கையால் பிடிக்கக்கூடாது, அதன் நகம் கத்தி. நஞ்சு வைக்கக்கூடாது, புகை போடக்கூடாது ("குறிப்பா, புகை போடக்கூடாது" என்று என்னைப் பார்த்தார்). பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விட்டால் அங்கே உள்ள மற்றப் பொசங்கள் அடித்துக் கலைக்கும், அது பிழைக்காது. வளவுக்குள்ளேயே மரத்தில் ஒரு பெட்டி கட்டிக் கொடுக்கவேண்டும். கூரைக்கு வரும் கிளையை வெட்டவேண்டும். அது பொழுதுபட வெளியே போனதும் ஓட்டையை அடைக்கவேண்டும். நாயைக் கட்டி வைக்கவேண்டும்.

"இன்னொண்டு. சாப்பாடு வைக்கக்கூடாதாம்."

அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். "அந்தக் கவுன்சில் மனுசனுக்கு ஏழரைச் சனி இல்லையாக்கும்."

கடைசியில் சமாதானம் வந்தது. மத்தியானம் காகத்துக்கு வைப்பது, பொழுதுபட முன் எடுத்துவிடுவது. காகம் வராவிட்டால், நினைத்து வைத்ததே போதும் என்று அக்கா ஏற்றுக்கொண்டாள். "சனீஸ்வரனுக்குத் தெரியாதோ, இஞ்ச ஆள் புதுசு எண்டு?" என்றாள். எங்களைச் சொன்னாளா, காகத்தைச் சொன்னாளா தெரியாது.

கென் பழைய வேலிப்பலகையில் ஒரு பெட்டி அடித்தார். அதை மரத்தில் உயரத்தில் கட்டினோம். உள்ளே கொஞ்சம் அதன் மணம் இருந்தால்தான் போகும் என்று, உடைந்த ஓட்டடியில் சிதறிக் கிடந்த அதன் இலைக்குப்பையை நான் கையுறை போட்டு அள்ளி வைத்தேன். கிளையை வெட்டினோம். வெள்ளிக்கிழமை மாலை ரஸ்டி வீட்டுக்குள். கென் ஏணியைப் பிடிக்க, நான் கம்பிவலையும் சுத்தியலுமாக மேலே. மூக்கு வந்தது. காது வந்தது. உடம்பு வந்தது. கிளை இல்லாததைக் கண்டு கொஞ்சம் யோசித்து, கூரைத் தண்ணீர் இறங்கும் பீலிக் குழாயைப் பிடித்து இறங்கியது.

"அடி, அடி! அடை!" என்றார் கீழே அத்தான்.

"பொறடா!" என்று கத்தினாள் அக்கா. "அதின்ர முதுகைப் பார். இல்லை... ஒண்டும் இல்லை. விடியக்காலமை நான் சின்னச் சத்தம் ஒண்டு கேட்டனான். உள்ளுக்க குட்டி இருக்குது."

"மிஸிஸ் ஹார்பர் வாற நாள் வருகுதப்பா!"

"வரட்டும். குட்டியை வைச்சு அடைச்சுப்போட்டு நான் அந்தக் கட்டில்ல படுக்கமாட்டன்."

நான் சுத்தியலோடு காத்திருந்தேன். ஏணி கிடுகிடுத்தது. பிடியில்தான் பிழை என்று கென்னிடம் சொன்னேன். தாய் பீலியின் பாதியில் நின்று, திரும்பிப் பார்த்து, நாக்கால் ஒரு சத்தம் போட்டது. உடைந்த ஓட்டுக்குள் இருந்து ஒரு கைப்பிடி மயிருருண்டை தள்ளாடி வந்து, என் முழங்கையைத் தாண்டி, தாயின் முதுகில் தொற்றிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் ஆணி அடித்தேன். முதல் ஆணி என் பெருவிரலில்.

நாலைந்து நாள் கூரைக்குள் ஏறிக் கழுவினோம். சீலிங்கில் மாங்காயும் பலாப்பழமும் வெள்ளைப் பெயின்றின் கீழே போயின. சொன்னபடி மிஸிஸ் ஹார்பர் வந்தார். மோந்தார். இன்னொருதரம் மோந்தார். லேஞ்சியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"நல்லது. எங்கள் மாதிரிச் சமைக்கப் பழகிவிட்டீர்கள்."

"நன்றி" என்று சொல்ல அத்தான் வாயெடுத்தார். அவித்த உருளைக்கிழங்கு ஒரு மாதம் தின்ற அக்காவுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. அவள் ஆங்கிலம் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தரம். மிஸிஸ் ஹார்பரின் கையைப் பிடித்துப் பின்வளவுக்குக் கூட்டிப்போய், மரத்தைக் காட்டினாள். பெட்டியின் வாசலில் ஒரு கறுத்த வால் தொங்கிக்கொண்டிருந்தது.

"நொட் கறி, மிஸிஸ். பொசம். யுவர் ரூஃப். யுவர் பொசம்."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். நான் மனதுக்குள் சாமான் கட்டத் தொடங்கினேன்.

மிஸிஸ் ஹார்பர் வாலையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தில் இருந்து சிவப்பு மெல்ல மேலேறியது. "அது இன்னும் இருக்கிறதா?" என்றார். "என் கணவர் இருந்த காலத்தில் அந்தக் கூரைக்குள் ஒன்று இருந்தது. அப்பிள் வெட்டிக் கொடுப்பார். இதே மணம்தான்..." பாதியில் நிறுத்திக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. வாசலில் ஏறும்போது மட்டும், இந்த வீடு எங்களுக்குப் பிடித்திருந்தால் இருக்கலாம், தான் வேறு ஒருவரையும் தேடவில்லை என்று சொன்னார்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் அத்தான் டயருக்குள் இருந்து போத்தலை எடுத்து வந்தார். அன்று அக்கா வைத்த கத்தரிக்காய்க் குழம்பின் மணத்துக்கு கென் வேலிக்கு மேலால் ஒரு கோப்பையோடு கையை நீட்டினார். "மேட், இதுதான் சற்றேர்ணா?" என்று கேட்டார். "ஓம், கொஞ்சம் உறைக்கும்," என்றேன்.

இப்போது நாங்கள் பின்படியில் குந்தி அதன் வரவைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பொழுதுபட, பொசம் தன் பெட்டியை விட்டு, குட்டியை முதுகில் சுமந்துகொண்டு வரும். உடனே சாப்பாடு தேடிப் போகாது. முதலில் பீலியைப் பிடித்து ஏறி, உடைந்த ஓட்டடிக்குப் போய், நான் அடித்த கம்பிவலையை மூக்கால் ஒருதரம் தொட்டுப் பார்க்கும். பிறகுதான் இறங்கித் தன் வேலைக்குப் போகும். ஒவ்வொரு நாளும்.

"விசர்ப் பொசம்," என்றார் அத்தான். "அடைச்சாச்செண்டு இன்னும் தெரியேல்லையே?"

"தெரியும்," என்றாள் அக்கா.

அவள் பார்வை கூரையில் இருந்தது. நான் அத்தானைப் பார்த்தேன். அவருடைய கையில் ஊரில் பூட்டிவிட்டு வந்த எங்கள் வீட்டுத் திறப்பு. இந்த வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வைத்திருக்கிறார். அந்த வீட்டை விற்று இரண்டு வருஷம்.