அப்பா சுத்தம் செய்த காடு

அன்று அங்கே இருந்தது நான், அப்பா, தம்பி, டீச்சர், என்னோடு ஐந்தாம் ஆண்டு படித்த இரண்டு பையன்கள். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று இப்போதும் பயமாக இருக்கிறது. ஆமாம், கங்காணி வீட்டு நாயும் இருந்தது.

சனிக்கிழமைகளில் டீச்சர் எங்களை வெளியே கூட்டிப்போய் அறிவியல் சொல்லித்தருவார். தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில், ஆளுக்கு ஒரு பாய் அகலத்துக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கொடுத்திருந்தார். உள்ளே எதையும் தொடக் கூடாது. என்ன முளைக்கிறது, என்ன பூச்சி வருகிறது என்று பார்த்து வரைய வேண்டும். நன்றாகச் செய்கிறவர் விடுமுறையில் மலை உச்சிக் காட்டு முகாமுக்குப் போகலாம். என் கட்டத்தில் ஒரு பெரணிச் செடி சுருள் விரிந்துகொண்டிருந்தது. மழை அடித்துப் போய்விடுமோ, நாய் மிதித்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமே வராது. அப்பாவைப் பற்றி மட்டும் கவலைப்படத் தோன்றவில்லை.

அப்பாவுக்குத் தோட்டத்தில் களை எடுக்கிற வேலை. டீச்சர் பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டு, காலையிலேயே தம்பியைக் கல் பொறுக்க வைத்து, என் கட்டத்தை வேரோடு கொத்தி, கோலம் போடலாம் போல ஆக்கிவிட்டு மண்வெட்டியோடு நின்றார்.

"இதுல பேட்மிண்டன் ஆடலாம் லா," என்றான் ஒரு பையன்.

முகாம் போச்சு என்று தெரிந்துவிட்டது. அதைவிட, டீச்சர் அப்பாவை ஏதாவது சொல்லிவிடுவாரோ என்பதுதான் பெரிய கவலை. யார் செய்தது என்று அவர் கேட்டதும், நான்தான் என்றேன்.

"அது சும்மா சொல்லுது டீச்சர். இத்துனூண்டு கைக்கு இந்த வேல வருமா? நான்தான் செஞ்சேன்," என்றார் அப்பா, பெருமையாக.

டீச்சர் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு நன்றி சொன்னார். என்னிடம், இன்றைக்கு வெறும் மண்ணை வரை, முதலில் எது திரும்பி வருகிறது என்று பார் என்றார். கிளம்பும்போது அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ பேசினார்.

முகாமுக்கு அந்தப் பேட்மிண்டன் பையன்தான் போனான். எனக்கு முதலில் வந்தது ஒரு புல். அதன் பிறகு பாசி. பெரணி வர வெகு நாளாயிற்று. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டேன். இப்போது இதே மலையில் திரிங்காப் என்ற ஊரில் பூத்தோட்ட வேலை. எதையும் பிடுங்குவதற்கு முன் உற்றுப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. பேரு கேட்டுட்டுத்தான் புடுங்குவியா என்று மேஸ்திரி ஏசுவார். ஆனால் புதிதாக எது முளைத்தாலும் கூட வேலை செய்கிறவர்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்த வருடம் முழுதும் களை எடுக்க வரும்போதெல்லாம் அப்பா என் கயிற்றைச் சுற்றிக்கொண்டுதான் போனார். அதை மட்டும் ஏன் விட்டாய் என்று கங்காணி சத்தம் போட்டும் அவர் மண்வெட்டி உள்ளே போகவில்லை. என் மேல் கோபம், அதனால்தான் கிட்டவே வரமாட்டேன் என்கிறார் என்று அப்போது நினைத்து, நான் வீட்டில் பெரணியைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தேன்.