கிரவுண்டில் இறங்கிய ஹெலிகொப்டரும் ஒரு டின் பஞ்சாமிர்தமும்

பங்களாக் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு விருந்தாளி எப்போது வருவார் என்று தெரியாது. ரோட்டு வழியாகத்தான் வருவார் என்பது மட்டும் நிச்சயம் என்று இருபது வருஷமாக நம்பியிருந்தேன். என்னைப் போல அடுத்தவர் வீட்டு அடுப்பில் வேகிற அக்கா தங்கச்சிமாரே, நீங்களும் கேட்டு வையுங்கள்.

பனிக்குள் வந்தவர்கள்

வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். போன வருஷம் ஒரு நாள் காலை எட்டு மணியிருக்கும். நல்ல பனி. பங்களாவுக்குக் கீழே, பிள்ளைகள் பந்து விளையாடும் கிரவுண்டில் ஒரு ஹெலிகொப்டர் இறங்கிவிட்டது. உள்ளே பைலட்டும் வயசான புருஷன் பெண்சாதியும். இந்தியாவிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டு வந்தவர்களாம். கடலோரம் புயல் மழை என்று உள்பக்கம் திரும்பி, எங்கள் பனியில் மாட்டிக்கொண்டார்கள்.

தோட்டத்தை நடத்தும் எங்கள் துரை சொல்லி, பொலிஸ் சார்ஜன் வந்தார். சிங்களவர், தெரிந்த தமிழில் விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வரும் ஹெலிகொப்டர் அரசாங்கம் குறித்த இடத்தில்தான் இறங்க வேண்டும். ஆபத்துக்கு வேறிடத்தில் இறங்கினால் குற்றமில்லை. ஆனால் கஸ்டம்ஸ் வந்து பார்க்கும்வரை ஆளும் சாமானும் அங்கேயே இருக்க வேண்டும். நான் பிளாஸ்க்கோடு நின்றேன். "டீ உள்ளே போகலாம் அம்மே. உள்ளே இருந்து ஒண்ணும் வெளியே வர ஏலாது" என்றார்.

முந்தானையில் வந்தது

டீயைக் கொடுக்கும்போது பார்க்கிறேன், அந்த அம்மா அழுதுகொண்டிருக்கிறார். கொழும்பு ஆஸ்பத்திரியில் மகளுக்கு அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நெஞ்சில் ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகுமுன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓடி வந்தவர். எனக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டேன். மகளுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி, பெட்டியிலிருந்து ஒரு டின்னை எடுத்து என் கையில் வைத்தார். பழனிப் பஞ்சாமிர்தம்.

பழனிக்கு நான் போனதில்லை. சார்ஜன் அந்தப் பக்கம் திரும்பி போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது மறந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்; பிரசாதமும் ஒரு சாமானா என்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். குசினியில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, முகம் தெரியாத அந்த மகளுக்காகக் கும்பிட்டேன். பிறகு நான் ஒரு கரண்டி சாப்பிட்டு, கூட வேலை செய்யும் செல்விக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். அவள் கையை எடுக்கவில்லை. "இன்னொண்ணு போடுங்க அக்கா, யாரு எண்ணிப் பார்க்கப் போறாங்க?" என்றாள். போட்டேன்.

ஐந்து டின்

கஸ்டம்ஸ் ஐயாமார் கொழும்பிலிருந்து வந்து சேர மத்தியானம் இரண்டு மணி தாண்டிவிட்டது. பனி விலகியிருந்தது. அப்போதே கிளம்பினால் ஆறு மணிக்குள் மகளிடம் போய்விடலாம். பெரிய ஐயா நல்ல தமிழ் பேசினார். ஹெலிகொப்டரில் ஏற்றிய சாமான்களை எழுதிய தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாளில் ஆறு டின், பெட்டியில் ஐந்து. பைலட் திருதிருவென்று விழித்தார். அந்த அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வேறென்ன வெளியே போனதென்று தெரியும்வரை ஹெலிகொப்டரை விட முடியாது என்று ஐயா சொல்லிவிட்டார்.

குசினிக்கு ஓடினேன். செல்வி கதவைச் சாத்தினாள். "பேசாம இருங்க அக்கா. டின்னை நசுக்கிக் குப்பையில போட்டுட்டா நம்ம வேலை தப்பும்."

தட்டில் வைத்து

முருகா என்று ஒரு தரம்தான் சொன்னேன். டின்னைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய் ஐயா முன்னால் நீட்டினேன். வாங்கினது நான், வேறொன்றும் வாங்கவில்லை, குசினியைத் தேடிப் பாருங்க, அந்த அம்மாவை விட்டுட்டு என்னை நிறுத்துங்க என்றேன். துரை என்னைப் பார்க்கவே இல்லை.

இரண்டு பேர் போய் மாவுப் பீப்பாயிலிருந்து சாமி தட்டுவரை கிளறினார்கள். அரை மணி நேரம். அந்த அம்மா கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நான் சொன்னதை எழுதி, நாலு இடத்தில் கையெழுத்து வாங்கி, டின்னைப் பையில் போட்டு சீல் வைத்துப் பெட்டியில் சேர்த்தார்கள். ஒரு உத்தியோகத்தரும் கூட ஏறிக்கொள்ள, மூன்றரைக்கு ஹெலிகொப்டர் எழும்பியது. சத்தம் மலைக்கு அப்பால் போகும்வரை கைகூப்பி நின்றேன். என் மேல் கேஸ் வருமா என்று மெதுவாகக் கேட்டேன். ஐயா பைலை மூடினார். "மிச்சத்தை எழுதி ஏத்திட்டேன் அம்மா. நீங்க சாப்பிட்டதை எழுத இந்தத் தாளில் இடமில்லை."

மூன்று கரண்டி பஞ்சாமிர்தத்துக்கு நாலு கையெழுத்து வைத்தவள் இந்த மலையிலே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.