லேசர் வெட்டிக்கு நான் கட்டிய மேசைகள்

வீட்டிலேயே லேசர் வெட்டி கட்டிப் பார்த்தவர்களே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: ஒளியைப் பற்றி இணையத்தில் ஆயிரம் பேர் வகுப்பு எடுப்பார்கள், ஆனால் வெட்டப் போகிற பலகையை எதன் மேல் வைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பெட்டி அடுக்குகிறவன். என் கையால் செய்த ஒன்றை நாலு பேர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் நிலவறையில் இந்த மெசினைக் கட்டினேன். கட்டி முடித்த கையோடு இங்குள்ள எங்கள் ஆட்களில் ஒருவரான ஸ்ரெல்லா அக்கா தன் மகளின் கலியாணத்துக்கு, விருந்து மேசையில் ஆளுக்கொன்றாக வைக்க நூற்றிநாற்பது பெயர்ப்பலகை கேட்டார். மாவிலை வடிவில் வெட்டி, விருந்தினர் பெயரைச் சுட்டு எழுத வேண்டும். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் இருந்தது. முதல் ஓர்டர், தலைகால் புரியவில்லை.

முதல் மேசை

மரத்தை மரத்தின் மேல் வைத்தால் என்ன என்று நினைத்தேன். தடித்த பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேல் மெல்லிய ஒட்டுப்பலகையை, அதாவது பிளைவூட்டை, வைத்து வெட்டினேன். லேசருக்கு எது மேசை, எது மாவிலை என்று தெரியுமா? இரண்டையும் ஒரே மரியாதையோடு எரித்தது. புகை போக வழியில்லாமல் இரண்டுக்கும் நடுவே அடைபட்டு, மாவிலையின் பின்பக்கம் முழுக்கக் கரி. முன்பக்கம் அழகாகத்தான் இருந்தது.

அந்த நம்பிக்கையில் மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்ரெல்லா அக்கா சேலை வாங்கினாலும் முதலில் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவர். இதையும் திருப்பினார். விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தார். பெயரை எழுதியிருப்பதும் கரிதானே அக்கா என்று கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

“தம்பி, நாங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர், சகுனம் பாக்கிறேல்லைத்தான். எண்டாலும் கலியாண மேசையிலை கரி பூசின சாமான் வைக்க ஏலாது. உம்மாலை முடியாட்டிச் சொல்லும், கடதாசியிலை அடிக்கக் குடுக்கிறன்.”

இரண்டாம் மேசை

அடியில் காற்றோட்டம் வேண்டும், கம்பி வலைதான் சரி என்று இணையத்தில் ஒருவர். இல்லவே இல்லை, கம்பி வைத்தால் தீப்பிடிக்கும் என்று இன்னொருவர். இரண்டு பேருக்கும் கீழே நூறு பேர் “மிக்க நன்றி” என்று எழுதியிருந்தார்கள். குழம்பிப் போய்க் குசினிக்குத் தண்ணீர் குடிக்க வந்தவனுக்கு, கோழி சுடும் மின்னடுப்புக்குள் இருந்த கம்பித்தட்டு கண்ணில் பட்டது. அளந்து பார்த்தேன். மெசினுக்கென்றே செய்தமாதிரி இருந்தது. மனைவி மெற்றில்டா முதியோர் இல்லத்தில் வேலையில் நின்றாள்.

கம்பிகளுக்கு இடையில் ஒட்டுப்பலகை தொய்ந்தது. தொய்ந்த இடத்தில் வெட்டு விழவில்லை. வெட்டு விழுந்த இடத்தில் மாவிலை துண்டாகிக் கீழே விழுந்தது. தட்டை மூன்று தரம் தேய்த்துக் கழுவிப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, சத்தியமாக ஒன்றும் தெரியாதவன் போல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மெற்றில்டா அதில் கோழி வைத்தாள். கால்மணி நேரத்தில் வீடு மரம் அரிகிற மரக்காலை மாதிரி மணந்தது. அவள் அடுப்பைத் திறந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, நான் கோழியைச் சுட்டனானோ கதவைச் சுட்டனானோ?”

மூன்றாம் மேசை

இன்னும் ஒரு கிழமைதான். பலகை ஒன்றில் முந்நூற்றுச் சொச்சம் ஆணிகளை அடித்து, கூர்முனை மேலே வரும்படி திருப்பி வைத்தேன். ஆணிமுனையில் நிற்கிற மரத்துக்குக் கரி எப்படிப் பிடிக்கும்? மட்டம் பார்க்கும் கோலை வைத்துக் குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை பலகையின் நாலு மூலைக்கும் அடியில் அட்டைகளைச் செருகினேன். வெட்டினேன். இடப்பக்கம் நன்றாக அறுந்தது, வலப்பக்கம் கீறல் மட்டும்தான். குமிழியைப் பார்த்தேன், நடுவில்தான் நின்றது. எனக்கு அழுகை வராத குறை.

மேல்மாடியில் இருக்கும் ஹெர் பெக்மன், அதாவது பெக்மன் ஐயா, ஓய்வு பெற்ற தச்சர். கூப்பிட்டேன். தன்னுடைய மட்டக்கோலோடு வந்து மேசையில் வைத்தார், மெசினில் வைத்தார், கடைசியில் குனிந்து நிலத்தில் வைத்தார். கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்காக நிலவறைத் தளத்தைச் சரிவாகத்தான் போட்டிருக்கிறார்கள். மெசின் அந்தச் சரிவில் நின்றது. நான் மேசையை மட்டும் நிமிர்த்தியிருக்கிறேன்; அதனால் ஒளி ஒரு பக்கம் கிட்டவும் மறுபக்கம் எட்டவும் நின்று விழுந்திருக்கிறது. ஹெர் பெக்மன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, ஜெர்மனில் ஆறுதலாகச் சொன்னார்:

“உங்கள் மேசையில் ஒரு குறையும் இல்லை. வீடுதான் கோணல்.”

கலியாண மேசை

வீட்டைத் திருத்த முடியாது. ஆகவே மேசையை வீட்டளவுக்குக் கோணலாக்கினேன். நூற்றிநாற்பதும் அறுந்தன, கரியும் இல்லை. ஆனால் லேசர் ஆணிமுனையில் பட்டுத் தெறித்த இடமெல்லாம் பின்பக்கத்தில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி. மணிக்கட்டு வீங்கும்வரை அரத்தாள் போட்டுத் தேய்த்தேன். பாதிகூடப் போகவில்லை.

கலியாணத்தன்று காலை மண்டபத்தில் பெட்டியைக் கொடுத்தேன். ஸ்ரெல்லா அக்கா ஒன்றை எடுத்தார். திருப்பினார். புள்ளிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடதாசியில் அடிக்க இனி நேரமில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் தாய் வந்துவிட்டார். ஜெர்மன்காரி. தன் பெயர் இருந்த மாவிலையைத் தேடி எடுத்து, அவரும் திருப்பினார். புள்ளிகளை விரலால் தடவி, இதில் ஏதோ எழுதியிருக்கிறதே, என்ன அது என்று கேட்டார். ஸ்ரெல்லா அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஜெர்மனில் பதில் சொன்னார்.

“ஓம், அது எங்கடை ஆக்களின்ரை ஆசீர்வாதம். ஒவ்வொருத்தருக்கும் வேறை வேறை.”

மூன்று மேசை கட்டிய பிறகும், வெட்டுகிற பக்கத்தைவிட வெட்டாத பக்கம்தான் ஆளைக் கொல்லும் என்பதைத் தவிர எனக்கு இந்தத் தொழிலில் வேறொன்றும் விளங்கவில்லை.