மஞ்சளில் முக்கிய பனியன்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம். ஹட்டனில் ஒரு வாடகை அறையில் தங்கி, கொழும்புக் கம்பெனி ஒன்றின் விளையாட்டு உடைகளை விற்றுக்கொண்டிருந்தேன். விற்றுக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்சம் கூடுதல். மூட்டையை பஸ்ஸில் ஏற்றுவதும், கொண்டுபோன மூட்டையை அப்படியே திரும்ப இறக்குவதுமாக இருந்தேன் என்பதே சரி. வெளிநாட்டுச் சாமான்களின் வரத்து குறைந்து, உள்ளூர்க் கம்பெனிகள் முளைத்த காலம் அது. எங்கள் கம்பெனி வெள்ளை வெளேரென்று பனியன் தைத்தது. நெஞ்சில் தாவிப் பாய்கிற நீலக் குதிரை. அந்தக் குதிரைதான் எங்கள் அடையாளம்.

எங்கள் மேலாளருக்கு வெள்ளையில் அசையாத நம்பிக்கை. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் வெள்ளை உடுத்திக்கொண்டு டென்னிஸ் ஆடுகிறார்கள், அதைப் பார்க்கிற எல்லாரும் வெள்ளைக்கு ஆசைப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. தோட்டத்து ஆட்களோ பனியனைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இது தொரமாரு உடுப்புங்க" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் நோர்வூட் பக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவன். எனக்கு இது முன்பே தெரியும். ஆனால் என்னை யார் கேட்டார்கள்? நானே தற்காலிக வேலையில் இருந்தவன். சரக்கு நகராவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் நேரடியாகவே சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தோட்டங்களுக்கு இடையே நடக்கும் கால்பந்துப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்த ஓர் அணிக்குப் பனியன்களை இலவசமாகக் கொடுப்பது, அவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து விளம்பரம் செய்வது. படக்காரரோடு தானே வருவதாகச் சொன்னார்.

பனியன்களைக் கொண்டுபோய் அணித் தலைவரிடம் கொடுத்தேன். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். பக்கத்தில் அவருடைய மனைவி, கொழுந்துக் கூடையை அப்போதுதான் இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். புதுத் துணி என்றால் ஓரத்தில் துளி மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்துவிட்டு உடுத்துவது எங்கள் வீடுகளில் வழக்கம். அந்த நினைப்பில், "மஞ்ச வச்சுப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே போனேன். லயத்து வாசலில் கயிறு கட்டிப் பனியன்களைக் காயப் போட்டிருந்தார்கள். ஒன்றுகூட வெள்ளையில்லை. அத்தனையும் மஞ்சள், கல்யாண வீட்டு மஞ்சள். நீலக் குதிரை பச்சையாகி, பாதி மறைந்து, ஆடா மாடா என்று தெரியாத நிலையில் இருந்தது.

"என்னம்மா இது?" என்றேன்.

"நீங்கதானேண்ணே மஞ்ச வைக்கச் சொன்னீங்க" என்றார் தலைவரின் மனைவி.

"ஓரத்துல ஒரு பொட்டு வைக்கச் சொன்னேன்."

"ரெண்டு வருசமா ஓரத்துலதான் வச்சோம். ரெண்டு வருசமும் கடைசி ஆட்டத்துல தோத்துட்டு வந்தாங்க. அதான் இந்தத் தடவ மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டு முழுசா முக்கிட்டோம்."

மேலாளர் வரும் நேரம். பதறிப்போய் கயிற்றிலிருந்து ஒரு பனியனை உருவிக்கொண்டு, மலைத் தண்ணீர் விழும் பீலியடிக்கு ஓடினேன். தண்ணீரில் நனைத்து, சவுக்காரத்தைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை. பனியன் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. பின்னாலேயே வந்த அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"மஞ்சள்ல சவுக்காரம் பட்டா செவக்கும்னு தெரியாதாண்ணே? ஒங்க வீட்டுல ஆலாத்தி கரைச்சதே இல்லையா?" என்றார். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அலசி முடிப்பதற்குள் கார் வந்துவிட்டது. மேலாளர் இறங்கினார், பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இது நம்ம கம்பெனி உடுப்பா, கோயில் திருவிழாவா?" என்றார். படத்தில் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும், கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை கொழும்புக்கு வாங்க. உங்க விஷயத்தை முடிச்சிரலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டம் தொடங்கப் போகும்போது நடுவர் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். கோல்கீப்பரும் மற்றவர்களைப் போலவே மஞ்சள் போடக் கூடாது, வேறு நிறம் வேண்டும் என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த ஈரச் சிவப்புப் பனியனைப் பார்த்தேன். பாவம் அந்தக் கோல்கீப்பர், குளிரில் நடுங்கிக்கொண்டே அதை மாட்டிக்கொண்டார். முதல் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபோது சவுக்கார நுரை பொங்கி வழிந்தது. மைதானமே கைதட்டியது.

பாதி ஆட்டம் வரை இரு பக்கமும் கோல் இல்லை. அதற்குப் பிறகுதான் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. எங்கள் ஊர் மூட்டத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஐந்து நிமிடத்தில் கோல் கம்பம் காணாமல் போய்விடும். எதிரணியினர் வீட்டில் போடுகிற சாதாரண வெள்ளை உள்பனியன்களோடு ஆடினார்கள். வெள்ளை மூட்டத்துக்குள் வெள்ளைப் பனியன். தங்கள் ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள்காரர்களோ மங்கலாகத் தெரிகிற மஞ்சளைப் பார்த்து மளமளவென்று பந்தைக் கடத்தினார்கள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற பெண்களோடு நானும் நின்று, மஞ்சள் திட்டுகள் ஓடுவதை மட்டும் பார்த்தேன். திடீரென்று எதிர்ப்பக்கத்தில் ஒரே கூச்சல். கோல் விழுந்ததை எங்களில் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் கத்தினோம். அந்த ஒரு கோலில் மஞ்சள் அணி ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் கூட்டம் தலைவரைத் தூக்கிக்கொண்டு போகும் என்று நினைத்தேன். பாதிக் கூட்டம் என் மூட்டையைச் சுற்றி வந்துவிட்டது.

"அந்த மஞ்ச பனியன் இருக்குங்களா?"

"வெள்ளதான் இருக்கு."

"வெள்ள வேணாங்க. மஞ்சதான் வேணும்."

தோற்ற அணியின் தலைவரும் சேறு பூசிய முகத்தோடு வந்து நின்றார். "மஞ்ச அவங்களுக்கே இருக்கட்டும். எங்களுக்கு அந்தக் கோல்கீப்பரு போட்ட செவப்பு கிடைக்குமா? அடுத்த வருசம் பாத்துக்கிறோம்" என்றார். இதையெல்லாம் மேலாளர் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒருத்தராவது குதிரையைப் பத்திக் கேட்டாங்களா?" என்று என்னிடம் மெதுவாக விசாரித்தார். இல்லை என்றேன். வியாபாரிதானே, கோபத்தைவிடக் கணக்கு சீக்கிரம் வந்துவிட்டது. நேராகத் தலைவரின் மனைவியிடம் போய், இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார்.

"யோசனையெல்லாம் இல்லீங்க, வேண்டுதல். நெறவேறிருச்சு. இனி பொங்கல் வைக்கணும். ஒங்க கம்பெனி அரிசி குடுக்குங்களா?"

மேலாளர் அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன். அரிசியும் கொடுத்தார், பொங்கலுக்கும் வந்தார். அன்று மாலை ஹட்டனுக்குக் காரில் திரும்பும்போது திங்கட்கிழமையைப் பற்றிப் பேசவே இல்லை. எந்தத் தோட்டத்துக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். கொஞ்ச நாளில் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று மூட்டைகள் ரயிலில் வந்து இறங்கின. எங்கள் தோட்டத்து நிறத்தைப் பக்கத்துத் தோட்டத்தார் எப்படி வாங்கலாம் என்று ஆட்கள் என்னிடம் வந்து சண்டை பிடிக்கிற அளவுக்குப் போனது. என் வேலையும் நிரந்தரமானது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் எத்தனையோ சரக்கு விற்றேன். ஆனால் எதைக் கொடுத்தாலும், வாங்கியவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் நின்று பார்க்கிற பழக்கம் அன்றிலிருந்து வந்துவிட்டது. ஊரான் வீட்டுப் பனியனைத் தங்கள் பனியன் ஆக்கிக்கொள்ள அந்தப் பெண்கள் காட்டிய பிரியத்தைத்தான், வேலை போய்விடுமே என்ற பயத்தில் நான் அவ்வளவு பாடுபட்டுத் தேய்த்து அழிக்கப் பார்த்தேன் என்று நினைக்கும்போது, இந்த வயதிலும் எனக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் வருகிறது.