பூசணிக்காய் சரிசெய்த நெட்வொர்க்

பெங்களூர் பொம்மசந்திராவில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் சிஸ்டம் அட்மின். என் புரொபேஷன் முடிகிற சமயத்தில், ஆயுத பூஜையன்று, எங்கள் சர்வரின் நெட்வொர்க் போனது. கெடுத்தது நான் என்றார்கள். திரும்பக் கொண்டுவந்தது பூசணிக்காய் என்றார்கள். இரண்டும் தவறு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

1. மஞ்சள் துணி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ரிச்சர்ட்ஸ் டவுன் வீடுகளில் பெருக்கித் துடைத்துத்தான் அம்மா என்னை பி.இ. வரை கொண்டுவந்தார். மகள் துணி பிடிக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே திட்டம். படித்து, லினக்ஸ் கற்று, வேலையும் வாங்கினேன். பூஜைக்கு முன்தினம் ஐ.டி. மேனேஜர் நாகராஜ் சார் என் கையில் கொடுத்தது ஒரு மஞ்சள் துணி.

எங்கள் அறையில் ஆண்களும் இருந்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் துடைக்க, கோலம் போட, சந்தனம் குங்குமம் வைக்கத் தகுதி உள்ளவள் நான் ஒருத்திதான் என்று ஒருமனதாக முடிவாகியிருந்தது. எல்லாவற்றையும் துடைத்தேன். காய்ந்த துணியால்.

நாகராஜ் சாருக்கு ஒரு பெருமை உண்டு. அந்த சர்வரை அவர் அணைத்ததே இல்லை. பார்வையாளர்கள் வந்தால், அது எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்பதைத் திரையில் வரவழைத்துக் காட்டி, "என் பையன்கூட இவ்ளோ ஒழுங்கா ஸ்கூலுக்குப் போனதில்ல சார்" என்பார். அந்த எண் சொல்லும் இன்னொரு விஷயத்தை அவர் கவனிக்கவில்லை. கர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்படை. அதற்கு அப்டேட் வந்தால், சர்வரை ரீபூட் செய்த, அதாவது நிறுத்தி மறுபடி எழுப்பிய பிறகுதான் புதியது வேலைக்கு வரும். எங்கள் சர்வரில் அப்டேட்கள் தானாக வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. ரீபூட் மட்டும் நடக்கவில்லை. புதுக் கர்னல் டிஸ்க்கில் காத்திருந்தது. பழையது, கட்சியின் மூத்த தலைவரைப் போல, நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தது.

2. ஓய்வு

பூஜையன்று மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. சர்வர் அறைக்கு வந்த புரோகிதர் விசிறிச் சத்தத்தைக் கேட்டு நின்றார். "இது மட்டும் ஏன் ஓடுது? ஆயுதத்துக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமா?" பிளான்ட் ஹெட் பக்கத்தில் இருந்தார். நாகராஜ் சார் தன் பெருமையையெல்லாம் அந்தக் கணமே மறந்து, "ஆஃப் பண்ணும்மா" என்றார்.

ரொம்ப நாளாக ரீபூட் ஆகாத சர்வர், கர்னல் மாறியிருக்கிறது, விடுமுறை முடிந்து நிதானமாகச் செய்யலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"பூஜை நேரத்துல அபசகுனமா பேசாதே. சொல்ப சும்னே இரு." கொஞ்சம் சும்மா இரு என்று கன்னடத்தில் அடக்கினார் நாகராஜ் சார்.

சும்மா இருந்தேன். முறையாக ஷட்டவுன் செய்தேன். ஆரத்தி முடிந்தது, கேட்டில் பூசணிக்காய் உடைந்தது. சர்வரை ஆன் செய்தோம். லாகின் திரை வந்தது. நெட்வொர்க் வரவில்லை.

மறுநாள் விடுமுறை. கேட்டருகே சரக்கு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. இ-வே பில் இல்லாமல் அவை கிளம்ப முடியாது. பில் போடும் மென்பொருள் இந்த சர்வரில் இருந்தது. டெஸ்பாட்ச் குமாரண்ணா கிருஷ்ணகிரிக்காரர். கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "என்னம்மா, ஓய்வு எடுக்கச் சொன்னா வி.ஆர்.எஸ். வாங்கிட்டுப் போயிடுச்சா?"

நாகராஜ் சார் கேபிளைப் பிடுங்கிச் செருகினார். மறுபடி பிடுங்கிச் செருகினார். பிறகு அவர் பார்வை மஞ்சள் துணியில் விழுந்தது.

"ஈரத் துணியால தொடைச்சியா?"

"காஞ்ச துணி சார்."

"கேபிள் போர்ட்ல தண்ணி இறங்கியிருக்கு." நான் அடுத்து வாய் திறப்பதற்குள் பிளான்ட் ஹெட்டிடம் திரும்பிவிட்டார். "புதுப் பொண்ணு சார். தொடைக்கத் தெரியல."

எங்கள் வம்சத்தில் யாரைப் பார்த்தும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

விடுமுறை முடிந்ததும் எச்.ஆருக்கு மெயில் போடப் போவதாகவும் சொன்னார். என் வேலையை நிரந்தரமாக்கும் முடிவு அதே எச்.ஆர். கையில்தான் இருந்தது.

3. பழைய கர்னல்

எல்லோரும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் திரையைப் பார்த்தேன். நெட்வொர்க் வழிகளைக் காட்டச் சொன்னால் 'லோ' ஒன்றுதான் வந்தது. கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வழி அது. அறையில் இன்னொருவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

சர்வருக்குள் என்னென்ன கார்டு இருக்கிறது என்று கேட்டேன். நெட்வொர்க் கார்டு தன் பெயர், மாடல் எல்லாம் சொன்னது. தண்ணீரில் செத்த கார்டு பெயர் சொல்லாது. கர்னல் எது என்று பார்த்தேன். புதியது. அப்போது விளங்கிவிட்டது. அந்தக் கார்டு சர்வரோடு வந்ததல்ல, முதன்முதலில் ஓடவிடுவதற்கு முன் தனியாக வாங்கிப் போட்டது. அதோடு பேசத் தேவையான டிரைவரை, விற்றவர்களின் இன்ஜினியர் அன்றிருந்த கர்னலுக்கு மட்டும் பொருந்தும்படி கையால் கம்பைல் செய்துவிட்டுப் போயிருந்தார். புதுக் கர்னலில் அந்த டிரைவர் இல்லை. கார்டு நன்றாக இருந்தது, கேபிளும் நன்றாக இருந்தது. நடுவில் பேசத்தான் ஆள் இல்லை.

வழி எளிது. ரீபூட் செய்து, தொடக்க மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் போதும். நாகராஜ் சாரிடம் சொன்னேன்.

"கை வைக்காதே. நீ தொட்டுத்தான் இப்படி ஆச்சு."

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நாள் கணக்கைக் காட்டியதில் கண் பட்டுவிட்டது என்பது அவருடைய அடுத்த முடிவு. இன்னொரு பூசணிக்காய் வரவழைத்து, எல்லோரையும் அறை வாசலுக்கு அழைத்துப் போனார். உள்ளே நான் மட்டும் இருந்தேன். வெளியே கற்பூரம் ஏற்றிச் சுற்றினார்கள். நான் ரீபூட் கொடுத்தேன்.

பூசணிக்காய் உடைந்ததும் நெட்வொர்க் வந்ததும் ஏறக்குறைய ஒன்றாக நடந்தன. டெஸ்பாட்ச் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. வாசலில் கைதட்டினார்கள். பழைய கர்னலுக்கு மாற்றியதை நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

"பாத்தியா?" என்றார் நாகராஜ் சார். "தெய்வத்துக்கு முன்னாடி உன் கமாண்டெல்லாம் எந்த மூலைக்கு?"

போர்ட்டில் இறங்கிய தண்ணீரை வாசலில் உடைந்த பூசணிக்காய் எப்படிக் காயவைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மெயில் போடும் எண்ணமும் அப்படியேதான் இருந்தது.

4. இன்னொன்று

கடைசி லாரி கேட்டைத் தாண்டும்வரை காத்திருந்தேன். பிளான்ட் ஹெட் பொரிகடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு முறை ரீபூட் செய்து ஒன்று காட்டட்டுமா என்று கேட்டேன். நாகராஜ் சார் வேண்டாம் என்று பதறினார். லாரிதான் போய்விட்டதே, காட்டட்டும் என்றார் பிளான்ட் ஹெட்.

இந்த முறை மெனுவைத் தொடாமல் விட்டேன். சர்வர் தானாகப் புதுக் கர்னலில் எழுந்தது. நெட்வொர்க் இல்லை. துணி மேசையில் மடித்தபடி கிடந்தது.

"சார், இன்னொரு பூசணிக்காய் இருக்கா?" என்று நாகராஜ் சாரைக் கேட்டேன்.

குமாரண்ணாவுக்குப் பொரி புரையேறியது.

மறுபடி ரீபூட் செய்து பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். நெட்வொர்க் வந்தது. பிளான்ட் ஹெட் கையிலிருந்த பொரியைத் தட்டிவிட்டுக் கேட்டார்: "அப்போ தண்ணி எப்ப இறங்குச்சு, நாகராஜ்?"

நாகராஜ் சார் கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகினார்.

மெயில் போகவில்லை. என் வேலை நிரந்தரமானது. விடுமுறை முடிந்ததும் புதுக் கர்னலுக்கு டிரைவரைக் கம்பைல் செய்தேன். இனி எந்தக் கர்னல் வந்தாலும் அதற்கும் தானாகவே கம்பைல் ஆகும்படி வைத்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு இவ்வளவுதான். கர்னல் அப்டேட் போட்டால் ஆள் பக்கத்தில் இருக்கும்போதே ரீபூட் செய்து பாருங்கள். பழைய கர்னலை உடனே அழிக்காதீர்கள். சர்வர் இத்தனை நாள் நிற்காமல் ஓடுகிறது என்று யாராவது பெருமைப்பட்டால், கடைசியாக எப்போது ரீபூட் செய்தார்கள் என்று கேளுங்கள். உங்கள்மேல் பழி விழுந்தால் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். கோளாறை அவர்கள் கண்ணெதிரே ஒருமுறை வரவழைத்துக் காட்டுங்கள்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்திய வாரமே ரீபூட் செய்து பார்த்துவிட்டேன். பூஜைக்கு முன்தினம் மஞ்சள் துணியை எடுத்துப்போய் நாகராஜ் சாரிடம் கொடுத்தேன்.

காய்ந்த துணிதான்.